காப்பி மெஷினும் சேமநிதிப் பணமும்: ஒரு பாய்லர்மேனின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றவர்கள் சேமநிதிப் பணத்தை எப்படியெல்லாம் கரைக்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒருவர் எழுதியிருந்தார். ஆள் சேர்க்கும் நேரடி விற்பனைத் திட்டம், கண்ணால் பார்க்காத நிலம், கடன் வாங்கியாவது நடத்தும் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் காப்பி மெஷின் வாங்குகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள், நமக்கெதற்கு இத்தாலிக்காரன் காப்பி?" என்று முடித்திருந்தார். என் மனைவி அந்த வரியை எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

மற்றதெல்லாம் அவர் எழுதியது சரி. நேரடி விற்பனையில் விழுந்தவர்களை எங்கள் பட்டர்வொர்த்திலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் காப்பி மெஷின் விஷயத்தில் அவர் விலைச்சீட்டை மட்டும் பார்த்திருக்கிறார். ஒரு மெஷின் வீண் செலவா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் அதன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்க முடிகிறதா, உள்ளே இருப்பதைக் கழற்றி மாட்ட முடிகிறதா, பத்து வருடம் கழித்தும் அதற்குச் சாமான் கிடைக்குமா? ஆயிரம் ரிங்கிட் மெஷினும் இதில் தேறாமல் போகலாம், பத்தாயிரம் ரிங்கிட் மெஷினும் தேறலாம்.

நான் பிறை தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில், நீராவி உண்டாக்கும் கொதிகலனைக் கவனிக்கும் பாய்லர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் மட்டம், பிரஷர் கேஜ், சேஃப்டி வால்வு, அடியில் சேரும் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் புளோடவுன், எல்லாவற்றையும் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் லாக் புக்கில் எழுதி வாழ்ந்தவன். தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியின் அதிகாரி பரிசோதனைக்கு வந்தால் பாய்லரை ஆறவைத்து, திறந்து, உள்ளே விளக்குப் பிடித்துக் காட்டுவோம். அப்படிப்பட்டவன் வீட்டில் இப்போது காப்பி மெஷினுக்குள் இரண்டு குட்டி பாய்லர் இருக்கிறது. ஒன்று காப்பிக்கு, இன்னொன்று பாலை நுரைக்கும் நீராவிக்கு. "வேலையை விட்டு வந்தும் வேலையை விடவில்லை" என்கிறார் மனைவி. உண்மைதான்.

கட்டுரையாளருக்காக இந்த எஸ்பிரசோ மெஷின் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள தண்ணீரை, இறுக்கி வைத்த காப்பித் தூள் வழியாக, ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் தள்ளி எடுக்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றைப்போல நான்கு மடங்கு அழுத்தம். சொல்வதற்குச் சுலபம்தான். 1901-ல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை எடுத்த மெஷின், நீராவியின் அழுத்தத்தை வைத்தே தண்ணீரைத் தள்ளியது. நீராவியைப் பற்றி எனக்குத் தெரியும். பாய்லருக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் சூடும் கூடவே ஏறும். கேஜில் 1 பார் காட்டினால் உள்ளே 120 டிகிரி. 9 பாருக்குப் போனால் 180 டிகிரி. அந்தச் சூட்டில் காப்பி கருகித்தான் போகும். அழுத்தம் வேண்டும், சூடு வேண்டாம் என்றால் இரண்டையும் பிரித்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கீலே காஜியா ஸ்பிரிங்கும் நெம்புகோலும் வைத்து அதைச் செய்தார். காப்பியின் மேல் பொன்னிறமாக நிற்கிறதே, அந்த நுரை அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1961-ல் ஃபேமா கம்பெனி இ61 என்ற மெஷினில் நெம்புகோலுக்குப் பதிலாகப் பம்பைக் கொண்டுவந்தது.

அந்த இ61-இல் காப்பித் தூள் கூடையை மாட்டும் தலைப்பகுதி கிட்டத்தட்ட 4 கிலோ பித்தளை. பாய்லரிலிருந்து சூடான தண்ணீர் ஒரு குழாயில் மேலேறி வந்து தலையைச் சூடாக்கும், ஆறியது இன்னொரு குழாயில் கீழே இறங்கும். இந்தச் சுற்றுக்குப் பம்ப் வேண்டாம், மோட்டார் வேண்டாம், தானாகச் சுற்றும். அது வந்தபோது மலேசியா என்ற பெயரில் ஒரு நாடே கிடையாது. இன்று என் சமையலறையில் இருக்கும் மெஷினிலும் அதே தலைதான். அதில் கசிவைத் தடுக்க மாட்டும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட்டின் அளவு: வெளிவிட்டம் 73, உள்விட்டம் 57, தடிமன் 8 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனியின் மெஷின் என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதே இல்லை, இ61 என்றால் எடுத்துக் கொடுப்பார். ஒரு தட்டு நாசி கண்டார் விலைதான் இருக்கும். நான் பணம் போட்டது இதற்காக.

சரி, வாங்கிய பிறகு என்ன வேலை?

முதலில் பிரஷர். புது மெஷின் சரியாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். என்னுடையதில் கேஜ் 11-ல் போய் நின்றது. கடையில் கேட்டேன், "அது அப்படித்தான் அங்கிள், திறந்தால் வாரண்டி போய்விடும்" என்றார் அந்தப் பையன். பம்பின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்புவதற்கு என்ன வாரண்டி? துளையில்லாத கூடையை மாட்டி, பம்பை ஓடவிட்டு, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 9-க்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு வந்த காப்பியில் அதுவரை இருந்த கசப்பும் காரமும் அடங்கின. பேரங்காடியில் அடுக்கி வைத்திருக்கும் சின்ன மெஷின்களின் பெட்டியில் 15 பார், 20 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அந்தப் பம்ப் அதிகபட்சமாக முக்கித் தள்ளக்கூடிய அழுத்தம். காப்பிக்கு அவ்வளவு தேவையில்லை. அந்த எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் சூடு. முன்பக்கம் சிவப்பு எழுத்தில் 93 என்று மின்னுவதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் அதிகம். அந்தச் சென்சார் அளப்பது பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரை. காப்பித் தூளைத் தொடுவதற்குள் தண்ணீர் அந்த 4 கிலோ பித்தளையைக் கடந்து வர வேண்டும், வழியில் சில டிகிரி போய்விடும். ஆலையில் பயன்படுத்திய மாதிரி ஒரு தெர்மோகப்பிள் கம்பியைக் கூடைக்குள் விட்டு அளந்தேன். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைப் பாய்லரில் கூட்டி வைத்துவிட்டேன். கறுப்பாக வறுத்த கொட்டைக்கு 90, நடுத்தரத்துக்கு 93, இளவறுப்புக்கு 95 என்று போகிறது. இன்னொன்று, பாய்லர் சூடாகிவிட்டது என்று விளக்கு சொன்னாலும் பித்தளைக்கு அரை மணி நேரமாவது வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் அதில் சலுகை இல்லை.

மூன்றாவது அரைப்பு. உண்மையில் இதுதான் முதலாவது. மெஷின் வாங்கக் காசு வைத்திருப்பவர் முதலில் நல்ல கிரைண்டர் வாங்கட்டும், மிச்சத்தில் மெஷின் பார்க்கட்டும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கண்ணாடி அலமாரியில் பளபளப்பது மெஷின். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மயிரிழை அளவுக்கு மாற்ற முடிகிற கிரைண்டர் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் காப்பி ஒருநாள் புளிக்கும், மறுநாள் கசக்கும். நான் 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காப்பி எடுக்கிறேன். அது 27 விநாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 15 விநாடியில் கொட்டினால் புளிக்கும், இன்னும் நைசாக அரைக்க வேண்டும். முக்கி முக்கி 45 விநாடி ஆனால் கசக்கும், கொஞ்சம் பரும்பொடியாக விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். பாய்லரில் காற்றையும் எண்ணெயையும் ஒரே சமயத்தில் மாற்றினால் புகை எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது. இங்கேயும் அப்படித்தான். லாக் புக் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். விடாத மழை பெய்கிற வாரங்களில் அரைப்பைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அடிப்பாகம் திறந்த கைப்பிடி ஒன்று உண்டு. அதைப் போட்டுக் காப்பி எடுத்தால் கூடையின் அடியில் நடப்பதெல்லாம் தெரியும். தூள் ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் தளர்ந்தும் இருந்தால் தண்ணீர் தளர்ந்த இடத்தைத் தேடி ஓடும், அங்கிருந்து ஊசிபோலப் பீச்சியடிக்கும். மனைவியின் வெள்ளைச் சுவரில் அதற்குச் சாட்சி இருக்கிறது. மெல்லிய கம்பிகளால் தூளைக் கிளறி, சமமாக்கி, நேராக அழுத்தினால் நின்றுவிடும்.

இவ்வளவையும் விட முக்கியம் தண்ணீர். பாய்லரை அறியாதவர்களுக்கு இது புரிவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏறக் கரைசலை விட்டு வெளியே வரும். சீனி மாதிரி சூட்டில் கரையும் என்று நினைத்தால் தவறு, இது நேரெதிர். வெளியே வந்தது சூடேற்றும் கம்பியின் மேல்தான் போய் ஒட்டும். ஒட்டினால் கம்பி தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகும். ஆலையில் பாய்லருக்குள் போகும் தண்ணீரைத் தினமும் சோதித்ததற்குக் காரணம் இதுதான். பினாங்கு மாநிலத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புத் தொல்லை நமக்குக் குறைவு. குளோரின் வாடையைக் கரி ஃபில்டர் எடுத்துவிடும். ஐரோப்பாவில் எழுதிய கையேட்டைப் பார்த்து மாதம் ஒருமுறை அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை. தேவையில்லாமல் அமிலம் ஊற்றினால் செம்புதான் அரிக்கும்.

சுண்ணாம்பு ஒட்டுமொத்தமாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது என்று தோன்றும். இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் புதிதாகக் காப்பிக்கடை வைத்த ஒரு பிள்ளை, மாத வாடகைக்கு வந்து மாட்டிவிட்டுப் போகிறார்களே, உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்துவிடும் அந்த ஆர்ஓ ஃபில்டரின் தண்ணீரை மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் நீராவிக் குழாயில் நீராவிக்குப் பதில் வெந்நீர் கொட்டுகிறது. பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது ஓர் உலோகக் குச்சி. தண்ணீர் அதைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து, "போதும்" என்று பம்பை நிறுத்தும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. அதனால் பாய்லர் கழுத்துவரை நிறைந்த பிறகும் மெஷின் இன்னும் காலி என்றே நினைத்துக்கொண்டு தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. வாட்டசாட்டமான ஒரு தொழில்நுட்பர் வந்து உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் தங்கை மகன் போய்த் தண்ணீரை மாற்றினான், சரியாகிவிட்டது. ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும் என்றால் லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்துகொள்ளலாம். குச்சிக்கும் தண்ணீர் தெரியும், உலோகமும் அரிக்காது, சுண்ணாம்பும் படியாது. நான் அதைத்தான் செய்கிறேன்.

"நமக்கெதற்கு இத்தாலிக்காரன் காப்பி" என்ற கேள்விக்கும் வருகிறேன். நம் முன்னோர்கள் ரப்பர் வெட்டத்தான் இந்த நாட்டுக்கு வந்தார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ரப்பருக்கு முன்னாலேயே சிலாங்கூரிலும் பேராக்கிலும் காப்பித் தோட்டங்கள் இருந்தன, அவற்றில் வேலை செய்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. பிரேசிலில் காப்பி விளைந்து தள்ளியதில் 1890-களின் கடைசியில் விலை விழுந்தது, துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். ஆகவே காப்பியில் நமக்கு இத்தாலிக்காரனைவிடப் பாத்தியதை கூடுதல். இது சும்மா வம்புக்குச் சொல்வது. சீனர் காப்பிக்கடையான கோப்பித்தியாமில் பால் சேர்க்காத கோப்பி-ஓ குடிப்பதை நான் விட்டுவிடவில்லை, அது வேறு ருசி. ஒரு எச்சரிக்கை மட்டும்: சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த அந்தக் கோப்பிக் கொட்டையை எஸ்பிரசோ கிரைண்டரில் போடாதீர்கள். தகடுகளில் பாகாக ஒட்டிக்கொள்ளும், கழற்றிச் சுரண்டத்தான் வேண்டும்.

காசு மிச்சமாகிறதா என்று கேட்பார்கள். கடையில் ஒரு காப்பி 12 ரிங்கிட், வீட்டில் இவ்வளவு, ஆகவே இத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டு விற்கிறார்கள். நம்பாதீர்கள். நான் ஒருநாளும் கடையில் 12 ரிங்கிட்டுக்குக் காப்பி குடித்தவனல்ல, எனக்கு எங்கே திரும்பி வரும்? இது செலவு. பிடித்த வேலைக்குச் செய்த செலவு. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் அந்தச் செலவு ஒரு தடவையோடு நிற்க வேண்டும், அங்கேதான் எனக்குக் கோபம். எங்கள் வரிசை வீட்டில் ஒருவர், பொத்தானைத் தொட்டால் அரைத்து, காப்பி எடுத்து, பாலும் ஊற்றிக் கொடுக்கும் மெஷின் வைத்திருந்தார். என்னுடையதைவிட விலை குறைவு, அதனால் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் அவர் சிக்கனக்காரர். உள்ளே ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. கசிகிற இடத்தில் இருப்பது விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம்தான். ஆனால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஏறாத மாதிரி திருகாணியின் தலையையே முட்டை வடிவில் செய்து வைத்திருந்தார்கள். விற்ற கடை, பெயர் வேண்டாம், "சாமான் வராது, புதுசு வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்" என்றது. அவரும் வாங்கினார். பழையது வீட்டு வாசலில் குப்பை லாரிக்காகக் காத்திருந்தபோது நான்தான் எடுத்துவந்தேன். அந்தத் திருகாணிக்கென்று விற்கும் ஒரு முனையை வாங்கி, வளையத்தை மாற்றினேன். இப்போது அது என் தங்கை வீட்டில் ஓடுகிறது.

தங்கை மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிரூட்டிப் பழுதுபார்ப்பு படித்தவன். ஏர்கோன் சர்வீஸ் செய்துகொண்டிருந்தவன், "மாமா, இதுலயும் பம்ப், வால்வு, ரிலேதானே" என்று என் மெஷினைப் பிரிக்க வந்தான். இப்போது ஜார்ஜ்டவுன் காப்பிக்கடைகளுக்கு வேலைக்குப் போகிறான். ஒவ்வொரு தெருவிலும் புதிதாக ஒரு காப்பிக்கடை வருகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு மெஷின் இருக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கையில் தொழில் இருந்தும் சம்பளம் பத்தாமல் சிங்கப்பூருக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கு இங்கேயே ஒரு வேலை இருக்கிறது. நல்ல வேலை, வெயிலில் கூரைமேல் ஏற வேண்டியதில்லை.

அவனுக்கு இருக்கும் தடை ஒன்றுதான். பாகங்களைப் பிரித்து எண் போட்டுக் காட்டும் வரைபடத்தைக் கேட்டால் சில விற்பனையாளர்கள் தர மறுக்கிறார்கள். "எங்கள் ஆட்களுக்கு மட்டும்" என்கிறார்கள். அவர்களுடைய ஆட்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள், வந்து சேர வாரக்கணக்காகிறது, அதுவரை கடைக்காரர் வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். என் மெஷினுக்கு அந்தப் படம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. வாங்குவதற்கு முன் நான் பார்த்த முதல் காகிதம் அதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி உங்கள் பதிப்பில் வீட்டுச் சாமான்களைப் பற்றி எழுதும்போது விலையோடு மூன்று விவரங்களையும் கடையில் கேட்டு வாங்கிப் போடுங்கள்: பாகங்களின் வரைபடம் தருவார்களா, கேஸ்கெட்டும் பம்பும் தனியாக விற்பார்களா, வெளியாள் திறந்தால் வாரண்டி என்னாகும். காப்பி மெஷினுக்கு மட்டுமல்ல, துணி துவைக்கும் மெஷினுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கட்டுரையாளர் பட்டர்வொர்த் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும். அரை மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தால் போதும், பித்தளை சூடாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர்மேன்,
பட்டர்வொர்த், பினாங்கு